தரங்குறைந்த பலகைகளைக் கொண்டு போர்வைப் பெட்டி செய்யலாமா?

வளவில் நின்ற மாமரத்தை வெட்டி மரக்காலையில் அரிவித்த பலகைகள் கணுவும் வளைவுமாக இருக்கின்றன, அவற்றைக் கொண்டு அம்மாவுக்குப் போர்வைப் பெட்டி செய்யலாமா, இல்லை வயிரமான முதிரை மரம் வாங்கப் பணம் சேர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். வன்னியில் மார்கழி, தை மாதங்களைத் தவிர்ந்த காலமெல்லாம் போர்வைகள் மடிந்தே கிடப்பதால், அவற்றை வைக்கும் பெட்டிக்குப் பெரும் பாரத்தைத் தாங்கும் வயிரமரம் தேவையில்லை. எலியும் கரப்பானும் புழுதியும் நுழையாதபடி அது மூடினால் போதும்.

எங்கள் பக்கத்து மரமென்றால், கணுவைப் பார்ப்பதற்கு முன் இரும்பைத் தேடுங்கள். போரில் 2009 வரை செல் (எறிகணை) விழுந்த ஊர்களில் நின்ற மாமரங்களில் அதன் இரும்புத் துண்டுகள் புதைந்து, பட்டை அவற்றை மூடி வளர்ந்திருக்கும். வாளின் பல் போய்விடும் என்று மரக்காலைக்காரர்கள் அத்தகைய மரத்தை ஏற்றத் தயங்குவதும் அதனால்தான். பலகையில் நார்வழியே நீண்ட கருநீலக் கறை தெரிந்தால், மரத்தின் துவர்ப்புப் பொருளோடு இரும்பு கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். பழைய ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தத்தைச் சணலில் கட்டிப் பலகைக்குச் சற்று மேலே மெதுவாக நகர்த்தினால், இரும்புள்ள இடத்தில் அது சாய்ந்து இழுபடும். தங்கைக்கு நான் செய்த பெட்டியின் மூடிப்பலகையில் நகத்தளவான துண்டொன்று அப்படித்தான் அகப்பட்டது. உளியால் அதைத் தோண்டியெடுத்து, நார் ஒரே திசையில் ஓடும்படி செதுக்கிய மாந்துண்டால் குழியை அடைத்தேன். கறையைச் சீவிப் போக்க முயல்வது வீண்வேலை. அது ஆழமாக இறங்கியிருக்கும்.

பலகை கோணியிருந்தால் அதை நீளமாக வைத்துச் சீவாதீர்கள். சீவி முடியும்போது மரமே மிஞ்சாது. முதலில் தேவையான நீளத்துக்குக் குறுக்காக வெட்டிவிட்டால், ஒவ்வொரு துண்டிலும் வளைவு சிறிதாகிவிடும். நேரான, கணுவற்ற துண்டுகளைச் சட்டத்துக்கும் மூடிக்கும் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைப் பக்கங்களுக்கும் அடிக்கும் பயன்படுத்துங்கள். பக்கப் பலகைகளைச் சட்டத்தின் தவாளிப்பில், அதாவது நீளமாக வெட்டிய பள்ளத்தில், செருகவேண்டும். பசையும் ஆணியும் அவற்றுக்கு ஆகாது. காய்ந்த மாம்பலகைகூட ஓரடி அகலத்தில் ஏறக்குறைய ஒரு நூல் (அங்குலத்தில் எட்டிலொரு பங்கு) அளவுக்கு மாரியில் விரிந்து கோடையில் சுருங்கும். சோளகக் காற்றடிக்கும் காலத்தில் பெட்டி செய்தால் தவாளிப்பில் அந்த இடைவெளியை விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் கார்த்திகை மழைக்குச் சட்டத்தின் மூலைகள் பிளந்து நிற்கும். பசை சட்டத்தின் கழுந்துகளுக்கு, அதாவது துளையில் பொருந்தும் முனைகளுக்கு, மட்டுமே உரியது.

மாமரத்தை வண்டு விரும்பித் தின்னும். துளையிலிருந்து புதிதாக மரத்தூள் கொட்டும் பலகையை, எவ்வளவு அழகாயிருந்தாலும், அடுப்புக்கே அனுப்பிவிடுங்கள். மற்றவற்றுக்கு வார்னிஷ் பூசுமுன் வெண்காரக் கரைசலை இருபுறமும் பூசி நிழலில் காயவிடலாம். கறையானுக்கென்று வேலிக்கட்டைக்குப் பூசும் கழிவு எண்ணெயை இதில் தொடவே கூடாது, அந்த மணம் போர்வையை விட்டு இலகுவில் போகாது. உட்புறத்துக்கு வார்னிஷும் வேண்டாம். கறையானைத் தடுக்க, பெட்டியை நிலத்தில் வைக்காமல் நான்கு விரற்கிடை உயரக் கால்களில் நிறுத்துவதே நல்லது.

மூன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், அதேயளவு உயரம் என்றால் அம்மா குனிந்து அடிப்போர்வையை எடுக்கச் சிரமமிராது. மூடியின் பிணைச்சலுக்கு (கீல்) மட்டும் காசைப் பார்க்காமல் பித்தளையில் வாங்குங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கொண்டியைப் போடவேண்டாம். ஒளிந்து விளையாட அவர்கள் தேடும் முதலிடம் இத்தகைய பெட்டிதான். பின்பலகையின் மேற்பகுதியில் சில காற்றுத் துளைகளை இட்டு, உட்புறமாகக் கம்பிவலை அடித்துவிட்டால் எலியும் புகாது.