பாதியில் வைத்தாலும் கெடாத வேலை: வீட்டு அலங்காரம், கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவள் பள்ளிக்குப் போகிறாள், சின்னவன் இப்போதுதான் நடக்கப் பழகுகிறான். நானும் வேலைக்குப் போகிறேன். கைவேலை என்றால் எனக்கு உயிர். ஆனால் எதைத் தொடங்கினாலும் பாதியில் நின்றுவிடுகிறது. அலமாரியில் அரைகுறையாகக் கிடப்பவற்றைப் பார்த்தாலே மனம் சோர்ந்துபோகிறது. நேரத்தை எப்படி ஒதுக்குவது?

பதில்: நடக்கப் பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் ஒதுக்கி வைத்த நேரம் நம் கையில் நிற்காது. அதனால் நேரத்தை விடுங்கள், எந்த வேலையை எடுப்பது என்பதை மாற்றிப் பாருங்கள்.

குழந்தை கூப்பிட்டதும் அப்படியே கீழே வைத்துவிட்டுப் போகக்கூடிய கைவேலைகள் ஒரு வகை. கைத்தையல், எம்பிராய்டரி, குரோஷா (கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது), காகித வேலை எல்லாம் இதில் வரும். எடுத்தால் முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்பவை இன்னொரு வகை. கலந்ததும் இறுகிக் கெட்டியாகும் ரெசின் திரவத்தைக் கலந்துவிட்டால் அது கெட்டியாவதற்குள் ஊற்றியாக வேண்டும். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போது நடுவில் எழுந்து போய் வந்தால், காய்ந்த ஓரத்தின் மேல் புதுப் பூச்சு ஏறி அந்த இடத்தில் கோடு விழும். சூடாக இருக்கும் குளூ கன்னை மேசையில் வைத்துவிட்டு ஓடவே முடியாது. உங்கள் அலமாரியில் கிடப்பவற்றை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையாகத்தான் இருக்கும். பல வருடங்களாகக் கைத்தையல் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வரும் தாய்மார்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கதை இதுதான். குறை உங்கள் உழைப்பில் இல்லை.

சின்னவன் கொஞ்சம் வளரும்வரை முதல் வகையோடு இருங்கள். ஒரு வேலைக்கு ஒரு பை. துணி, நூல், கத்தரி, ஊசி குத்திவைக்க ஒரு துணித்துண்டு, எல்லாம் அதற்குள்ளேயே இருக்கட்டும். தேடி எடுக்கவே பத்து நிமிடம் போனால், கிடைத்த கால் மணி நேரத்தில் என்ன மிஞ்சும்? ஊசி இருப்பதால் பையைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். வேலையை நிறுத்தும்போது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள்: "இடது ஓரம் மடிக்கணும்", "ஏழாவது வரிசை, பச்சை நூல்". குரோஷாவாக இருந்தால் கடைசிக் கண்ணியில் ஒரு சேஃப்டி பின்னை மாட்டிவிடுங்கள். நூல் எங்கே இழுபட்டாலும் போட்டது உருவிக்கொண்டு வராது.

பழைய அரைகுறைகளில் முடிக்க ஆசை இல்லாதவற்றைத் தயங்காமல் பிரித்துவிடுங்கள். நூல் நூலாகவும் துணி துணியாகவும் அடுத்த வேலைக்கு ஆகும்.

கேள்வி: வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சோஃபாவுக்கு மேலே பெரிய சுவர் வெறுமையாக இருக்கிறது. குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

பதில்: ஒரு பெரிய படம் வாங்குவதைவிடச் சின்னப் படங்களைக் கூட்டமாக வைப்பது செலவு குறைவு. வீட்டில் கிடக்கும் பழைய ஃப்ரேம்கள் ஒன்றோடொன்று சேராமல் இருந்தாலும், எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் அடித்தால் ஒரு செட் போல ஆகிவிடும். உள்ளே வைக்கப் பிடித்த துணியின் ஒரு துண்டு, புத்தகத்துக்குள் அழுத்தி உலர்த்திய இலை, பிள்ளைகளின் ஓவியம் எதுவும் சரிதான். ஒரே ஒரு விஷயம்: சின்னப் படத்தைப் பெரிய ஃப்ரேமின் நடுவில் வைத்து, சுற்றிலும் இரண்டு மூன்று அங்குலம் வெள்ளை அட்டை தெரியும்படி விடுங்கள். சாதாரண கிறுக்கலுக்குக்கூட அந்த வெள்ளை ஓரம் தனி மதிப்பைக் கொடுத்துவிடும்.

மாட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு ஃப்ரேமின் அளவுக்கும் செய்தித்தாளை வெட்டி மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்டு, எது இடறுகிறது என்று தானாகத் தெரிந்துவிடும். சோஃபாவின் முதுகுக்கு மேலே 6 முதல் 8 அங்குலம் விட்டுத் தொடங்குங்கள். ஃப்ரேமுக்கும் ஃப்ரேமுக்கும் இடையே 2 அல்லது 3 அங்குலம் போதும். கீழே சோஃபா, மேசை எதுவும் இல்லாத சுவர் என்றால் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் வரட்டும். பல வீடுகளில் படங்கள் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில்தான் தொங்குகின்றன.

ஆணிக்குப் பதில், பிறகு இழுத்தால் கழன்றுவரும் ஒட்டும் பட்டைகள் கிடைக்கின்றன. சுவரை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்ததும் ஒட்டி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் படத்தை மாட்டுங்கள். கழற்றும்போது முன்பக்கம் இழுக்காமல், சுவரை ஒட்டியபடி நேர் கீழே மெதுவாக இழுக்க வேண்டும். கையை வைத்தால் மாவாக ஒட்டும் சுண்ணாம்புச் சுவரில் இது பிடிக்காது. அங்கே படங்களை ஓர் அலமாரி மேல் சாய்த்து வைப்பதுதான் வழி. கண்ணாடி போட்ட ஃப்ரேமைக் கட்டிலுக்கு மேலே மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் இந்த மாதம் காசு இருக்கிறது. எதை மாற்றலாம்?

பதில்: பல்பை. எல்.இ.டி. பல்பு அட்டையில் கெல்வின் அளவு போட்டிருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம், 2700 அல்லது 3000 என்றால் மஞ்சள் கலந்த வெளிச்சம். உட்கார்ந்து பேசும் அறைக்கும் படுக்கையறைக்கும் மஞ்சள் கலந்ததை வாங்குங்கள். அதே சுவர், அதே திரை வேறு மாதிரி தெரியும். படிக்கும் மேசைக்கும் சமையலறைக்கும் வெள்ளை வெளிச்சமே இருக்கட்டும். அப்புறம், கூரையிலிருந்து வரும் ஒற்றை விளக்கோடு நிறுத்தாமல், இருக்கிற மேசை விளக்கை நாற்காலிக்குப் பின்னால் மூலையில் வைத்துப் பாருங்கள்.

இதோடு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சரம் விளக்குகள் அழகாக இருக்கின்றன என்று பலரும் குழந்தைகள் அறையில் கட்டுகிறார்கள். சிலவற்றில் பொத்தான் போன்ற சின்ன பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடி திருகாணி போட்டு முடுக்கும்படி இல்லாவிட்டால் வாங்காதீர்கள். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி: பழைய படுக்கை விரிப்பில் குஷன் உறை தைக்க ஆசை. ஜிப் வைக்கத் தெரியாது, தையல் மெஷினும் இல்லை.

பதில்: இரண்டுமே தேவையில்லை. விரிப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுப்பகுதி தேய்ந்து சல்லடையாகத் தெரியும். கால் பக்கமும் பக்கவாட்டு ஓரங்களும் கெட்டியாக இருக்கும். அங்கிருந்து வெட்டுங்கள். புதுப் பருத்தித் துணி என்றால் வெட்டும் முன் துவைத்துவிட வேண்டும், சுருங்கும்.

16 அங்குலக் குஷனுக்கு 17 அங்குல அகலம், 38 அங்குல நீளத்தில் ஒரே துண்டு போதும். 17 அங்குலம் உள்ள இரண்டு முனைகளையும் மொத்தம் ஒவ்வோர் அங்குலம் உள்வாங்கும்படி இரண்டு மடிப்பாக மடித்துத் தையுங்கள். இப்போது நீளம் 36. துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, இரண்டு முனைகளையும் நடுவை நோக்கி மடித்து, ஒன்றின்மேல் ஒன்று 4 அங்குலம் ஏறும்படி வையுங்கள். மடித்தது சரியாக 16 அங்குலம் வரும். திறந்திருக்கும் இரண்டு ஓரங்களையும் அரை அங்குலம் உள்ளே விட்டுத் தைத்துத் திருப்பினால் உறை தயார். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பகுதி வழியாகக் குஷனை உள்ளே நுழைக்கலாம்.

இந்த ஓரத் தையலுக்குச் சாதாரண ஓட்டுத்தையல் தாங்காது, ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைப் பின்னால் கொண்டுபோய்க் குத்தும் பேக் ஸ்டிட்ச் போடுங்கள். மடிப்புகள் ஓரத்தைத் தொடும் இடங்களில்தான் குஷனைத் திணிக்கும்போது இழுவை விழும். அங்கே இரண்டு முறை தைத்துவிடுங்கள். முதல் கேள்வி கேட்ட சகோதரிக்கும் இது ஏற்ற வேலை. ஒரு நாள் ஒரு முனை, இன்னொரு நாள் மறுமுனை என்று தைக்கலாம்.

கேள்வி: கண்ணாடி பாட்டிலில் அக்ரிலிக் பெயின்ட் அடித்தேன். நகம் பட்டாலே உரிகிறது.

பதில்: கண்ணாடியின் வழவழப்பும் கை எண்ணெய்ப் பசையும்தான் காரணம். சோப்புப் போட்டுக் கழுவி, காய்ந்ததும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். அதன் பிறகு வெளிப்பக்கத்தை விரலால் தொடாமல், கழுத்துக்குள் ஒரு குச்சியை விட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயின்ட் பிடித்துக்கொள்ள அடியில் பூசும் பிரைமரில் கண்ணாடிக்கானதை முதலில் பூசி, பிரஷ்ஷுக்குப் பதில் ஸ்பாஞ்சால் மெல்லிசாக ஒற்றி, ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில் வார்னிஷ்.

என்னைக் கேட்டால் பெயின்ட்டே வேண்டாம். அந்த பாட்டிலில் ஒரு மணி பிளான்ட் கொடியை வையுங்கள். இலைக்காம்பு சேரும் கணு ஒன்றாவது தண்ணீருக்குள் இருந்தால்தான் வேர் விடும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். நிறக் கண்ணாடி என்றால் பாசி குறையும். இலையைக் கடித்தால் வாய் எரியும் என்பதால் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடம் வேண்டும்.

கேள்வி: "சாமான் வாங்கிய காசுக்குச் செய்ததையே கடையில் வாங்கியிருக்கலாம்" என்கிறார் கணவர்.

பதில்: அவர் கணக்கு சில நேரம் சரிதான். வேலையை முடிவு செய்த பிறகு அதற்கு மட்டும் வாங்குங்கள். பெயின்ட்டில் சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை இருந்தால் வீட்டு வேலைக்கு வேண்டிய நிறங்களை அநேகமாகக் கலந்துகொள்ளலாம். காகிதம், அட்டை, மரம், துணி எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பசை ஒன்றே போதும், தண்ணீர் படாத பொருளாக இருந்தால். எப்போதாவது தேவைப்படும் கருவிகளைத் தோழியிடம் இரவல் வாங்குங்கள்.

கேள்வி: சுவர் ஓதம் ஏறி உப்பு பூத்திருக்கிறது. வால்பேப்பர் ஒட்டி மறைக்கலாமா?

பதில்: வேண்டாம். பசை பிடிக்காது, உள்ளே பூஞ்சை பிடிக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்: குழாய்க் கசிவா, வெளிச்சுவர் விரிசலா, தரையிலிருந்து ஏறுகிறதா? அதைச் சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பூச்சைப் பற்றி யோசிக்க வேண்டும். உப்பை ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். அதுவரை அலமாரியையும் சுவரோடு ஒட்டிப் போடாமல் நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள், காற்றுப் போகட்டும்.