உட்கார வைத்துப் பேசலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கோயில் மகளிர் பிரிவில் இருக்கிறேன். எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு பெண் புருஷனிடம் அடிபட்டு என்னிடம் வந்து அழுகிறாள். இரண்டு பிள்ளைகள். கல்யாணம் கோயிலில் நடந்தது, பதியவில்லை. வீடு கம்பெனி வீடு, அவன் பெயரில் இருக்கிறது. போலீஸ் என்றாலே பயப்படுகிறாள். ஞாயிற்றுக்கிழமை இருவரையும் உட்கார வைத்துப் பேசலாம், நீயும் கவுன்சலராக வா என்கிறார் கோயில் கமிட்டித் தலைவர். போகட்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

போகாதீர்கள். முடிந்தால் அந்தப் பேச்சுவார்த்தையே நடக்காமல் பாருங்கள். அவன் எதிரில் அவள் உண்மையைச் சொன்னால் அன்றிரவே அதற்கு அடி விழும். சொல்லாவிட்டால், "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று அதே கமிட்டி பிறகு கேட்கும். இதைவிட மோசம், அவன் சாமி முன்னால் சத்தியம் செய்துவிடுவது. அடுத்த முறை அடித்தால் தலைவரின் மானமும் அதில் சேர்ந்துகொள்ளும், அவள் வாய் திறப்பது இன்னும் கஷ்டமாகிவிடும்.

கவுன்சலர் என்ற பெயரும் வேண்டாம். மலேசியாவின் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவர்களுக்குத்தான் அது உரியது. துணைக்குப் போகிறவர் என்றே இருங்கள், அந்த வேலையே ஏராளம்.

முதலில் அவளைத் தனியாகச் சந்தியுங்கள், லய வீட்டில் வேண்டாம். நடுச்சுவரில் காது வைத்தால் எல்லாம் கேட்கும், வாசலில் உங்கள் மோட்டார் சைக்கிள் நின்றாலே செய்தி பரவிவிடும். கிளினிக்கில் காத்திருக்கும் நேரமோ பாலர் பள்ளியில் பிள்ளையை விடும் நேரமோ போதும். அவள் கைப்பேசியை அவன் பார்க்கிறானா, புலனம் (வாட்ஸ்அப்) வேறு சாதனத்தில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே செய்தி அனுப்புங்கள்.

அப்புறம் கழுத்தைப் பற்றிக் கேளுங்கள். "கழுத்தைப் பிடிச்சாரு" என்று போகிற போக்கில்தான் சொல்வார்கள், அதை விட்டுவிடக்கூடாது. குரல் கம்மியதா, விழுங்கும்போது வலிக்கிறதா, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் உண்டா, கண் இருண்டதா, தன்னை அறியாமல் சிறுநீர் போனதா? வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே வீக்கமோ ரத்தக் குழாய்க் காயமோ இருக்கலாம், ஒரு நாள் கழித்தும் ஆபத்தாகலாம். கழுத்தை நெரித்தவன் பின்னால் கொலை வரைக்கும் போகும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அரிவாளைக் காட்டி மிரட்டியது, "நீ போனா நானும் செத்துடுவேன்" என்றது, போகுமிடமெல்லாம் பின்தொடர்வது எல்லாம் அதே கணக்கில் சேரும். இவற்றில் எது இருந்தாலும் ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். அவள் பிரிந்து போகப் போகிறாள் என்று அவனுக்குத் தெரிகிற நேரம்தான் மிக ஆபத்தானது, ஆகவே அவள் திட்டம் கமிட்டிக்கும் தெரியவேண்டாம்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவுக்குப் போய், கணவன் அடித்தது என்றே சொல்லவேண்டும். "கீழே விழுந்துட்டேன்" என்றால் பதிவேட்டிலும் அதுதான் ஏறும். இப்படி வருகிறவர்களுக்கு வேண்டிய உதவியை ஒரே இடத்தில் தரும் ஓஎஸ்சிசி (One Stop Crisis Centre) சேவை 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி, பிறகு மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் வந்தது. நம் நிறத்தில் கன்றிய இடம் உடனே தெரியாது. வலிக்கும் இடத்தையெல்லாம் மருத்துவரிடம் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அன்றும், மறுநாளும், அதற்கடுத்த நாளும் காயத்தின் அளவு தெரிய பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள்.

பதியாத கல்யாணம் என்று அவள் தயங்கவேண்டாம். மதப்படியோ வழக்கப்படியோ சடங்கு நடந்திருந்தால், பதிவு இல்லாவிட்டாலும் 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் அவளை மனைவியாகவே எடுத்துக்கொள்ளும்.

போலீஸ் பயம் இருந்தால் சமூக நல இலாகாவில் தொடங்குங்கள். அடிபட்டவர்களுக்கும், அடிபடும் அச்சத்தில் இருப்பவர்களுக்கும் அங்குள்ள அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். அதற்குப் போலீஸ் ரிப்போர்ட் தேவையில்லை. விண்ணப்பித்த 2 மணி நேரத்துக்குள் கிடைக்கவேண்டும், 7 நாள் செல்லும். உங்கள் வட்டாரத்துக்குக் கோலகங்சார் மாவட்ட அலுவலகம். ராத்திரி என்றால் 15999 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், 24 மணி நேரமும் இயங்கும். தங்க இடமும் வழக்குக்குத் துணையும் வேண்டுமானால் ஈப்போவில் பேராக் வுமன் ஃபார் வுமன் சொசைட்டி என்ற பெண்கள் அமைப்பு இருக்கிறது.

அந்த 7 நாளுக்குள் ரிப்போர்ட் செய்துவிடுவது நல்லது, எந்த நிலையத்திலும் செய்யலாம். "புருஷன் சண்டை போட்டார்" என்று சொன்னால் குடும்பத் தகராறாகப் போய்விடும். "கெகானாசான் ரூமா தாங்கா" (மலாயில் குடும்ப வன்முறை) என்ற சொல்லும், பாதுகாப்பு ஆணை வேண்டும் என்ற வாசகமும் அதில் இருக்கட்டும். எந்த நாள், எத்தனை மணி, எதனால் எங்கே அடித்தான், என்ன சொன்னான், பிள்ளைகள் பார்த்தார்களா, இதற்கு முன் நடந்தவை, எல்லாம் வரவேண்டும். கையெழுத்துக்கு முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நகலோடு விசாரணை அதிகாரியின் பெயரையும் எண்ணையும் வாங்குங்கள். போலீஸ் கொடுக்கும் கடிதத்தோடு நல இலாகாவுக்குப் போனால், அவர்கள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போய் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கேட்பார்கள். அது விசாரணை முடியும்வரை நிற்கும். அவன்மேல் நீதிமன்றத்தில் வழக்கு தொடுக்கப்பட்டால் 12 மாத ஆணை கேட்கலாம், அதை இன்னொரு 12 மாதம் நீட்டிக்கவும் வழியுண்டு. ஆணையை மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ. மீறி அடித்தால் 4,000 வெள்ளியும் ஒரு வருடமுமாக ஏறும்.

தோட்டத்துப் பெண்களைக் கட்டிப்போடுவது வீடுதான். வீடு யார் பெயரில் இருந்தாலும் அவளை உள்ளே இருத்தி அவனை வெளியேற்ற நீதிமன்றம் ஆணையிட முடியும். ஆனால் அவன் வேலையை விட்டால் கம்பெனி வீட்டைக் கேட்கும், அந்தக் கதவைச் சட்டத்தால் பூட்ட முடியாது. ஆகவே அந்த ஆணையைச் சாமான் கட்ட, பள்ளி மாற்ற, வேறு வேலை தேடக் கிடைத்த அவகாசமாக மட்டும் எண்ணச் சொல்லுங்கள். வெளியேறிய பிறகு பொருள்களை எடுக்கப் போவதானால் அதிகாரி துணையோடு போகும்படி ஆணையிலேயே கேட்கலாம். தனியாகப் போய் அடிபட்டவர்கள் அதிகம். ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரங்கள், வங்கிப் புத்தகம், கிளினிக் அட்டை எல்லாவற்றையும் படமெடுத்து நம்பகமான ஒருவருக்கு அனுப்பிவிட்டு, அவள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

பாதியில் ரிப்போர்ட்டை வாபஸ் வாங்குகிறேன் என்பாள். மாமியார் அழுவார், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், சம்பள நாளும் வரும். கோபப்படாதீர்கள். மேல் நடவடிக்கை இல்லை என்று போலீஸ் முடித்துவிட்டால் இடைக்கால ஆணையும் போய்விடும் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லி, முடிவை அவளிடமே விடுங்கள். திரும்பிப் போனாலும் ரிப்போர்ட் நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அடுத்த ரிப்போர்ட்டில் அதன் எண்ணைக் குறிப்பிட வேண்டியிருக்கும்.