கரை தெரியும், படகு இருக்காது

தனித்தீவு, மலை பங்களா என்று ஒதுக்குப்புறத்தில் நடக்கும் மர்மக் கதைகளைக் கீழே வைக்க ஏன் மனம் வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதவி வராது என்பது ஒரு காரணம். வெளியாள் வரவும் வழியில்லை என்பதுதான் பெரிய காரணம். பத்துப் பேரில் ஒருவர் செத்தால் கொலையாளி மீதி ஒன்பதில் ஒருவர். தேநீர் ஊற்றித் தருகிறவரையும் சந்தேகிக்க வேண்டும்.

எங்கள் பினாங்கில் ஜெரெஜாக் தீவு இருக்கிறது. முன்பு தொழுநோயாளிகளை அங்கே ஒதுக்கி வைத்தார்கள். அப்புறம் 1969 முதல் 1993 வரை சிறை. எதிரே பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் கரையிலிருந்து எட்டிப் பிடிக்கலாம் போலிருக்கும். அந்தத் தீவில் மாட்டிக்கொண்டதாக நினைத்துப் பாருங்கள்: எதிர்க்கரையில் விளக்கு எரிகிறது, ஆனால் படகு இல்லை. எனக்கென்னவோ, கண்காணாத தீவைவிட இதுதான் அதிகப் பயம்.

கைப்பேசி வந்தபிறகு எழுத்தாளர்கள் பாடுதான் திண்டாட்டம். முதல் அத்தியாயத்திலேயே மழையைக் கொட்டி லைனை அறுத்துவிட வேண்டியிருக்கிறது.