செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் கடையைத் திறங்கள்

கேள்வி: கும்பகோணம் பக்கம் சலூன் வைத்திருக்கிறேன். இரண்டு நாற்காலி, நானும் ஒரு பையனும். போன மாதம் ஒரு அம்மா தன் 7 வயது மகனைக் கூட்டி வந்தார். ஆட்டிசமாம். டிரிம்மரை ஆன் செய்ததும் காதைப் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்துவிட்டான். காத்திருந்த ஒருவர், "இதையெல்லாம் ஏம்மா இங்க கூட்டிட்டு வர்றீங்க?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மா பாதியிலேயே எழுந்து போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. கடைத்தெருவில் 10 பேர் சேர்ந்து டிசம்பர் 3 அன்று பக்கத்துச் சிறப்புப் பள்ளியில் மதியச் சாப்பாடு போடலாம் என்று இருக்கிறோம். அந்தப் பையனுக்கு இனிமேல் காசு வாங்காமல் வெட்டிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, சாப்பாடு போடுங்கள், தப்பே இல்லை. ஆனால் டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம். உங்களுக்கு முன்னாலேயே யாராவது சாப்பாடு சொல்லியிருக்கலாம். பள்ளிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்குக் கேசரிக்குப் பஞ்சம் இருக்காது. முடி வெட்டத்தான் ஆள் கிடைக்காது.

என் தங்கை மகனுக்கு 10 வயது வரை தூக்கத்தில்தான் முடிவெட்டு. ராத்திரி 11 மணிக்கு அவன் அப்பா கத்தரிக்கோலோடு கட்டிலருகே உட்காருவார், தங்கை செல்போன் வெளிச்சம் பிடிப்பாள். ஒரு பக்கம் முடிந்ததும் அவனாகப் புரண்டு படுக்கும்வரை காத்திருக்க வேண்டும். சில நாள் புரளவே மாட்டான். மறுநாள் ஒரு பக்கம் காடும் ஒரு பக்கம் கட்டாந்தரையுமாகப் பள்ளிக்குப் போவான். அதனால் உங்கள் கடைக்கு வந்த அந்த அம்மா எவ்வளவு துணிச்சலைத் திரட்டிக்கொண்டு வந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

பையன் அடம்பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு, நமக்கு 'ர்ர்ர்' என்று மட்டும் கேட்கிற டிரிம்மர் சத்தம் காதுக்குள் துளை போடுவதுபோல இருக்கும். கழுத்தை இறுக்கும் துணி, திடீரென்று பீய்ச்சுகிற தண்ணீர், சட்டைக்குள் விழுந்து உறுத்தும் முடி, மேலே அலறுகிற டிவி எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்தால் கத்தாமல் என்ன செய்வான்?

உங்கள் கடைக்குச் செவ்வாய் விடுமுறைதானே? மாதத்தில் ஒரு செவ்வாய், காலையில் ஒரு மணி நேரம் திறங்கள். டிவி வேண்டாம், வேறு ஆட்களும் வேண்டாம். முதல் தடவை வெட்டவே வேண்டாம். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்துவிட்டு இறங்கிப் போகட்டும். கடை வாசல், நாற்காலி, கையில் சீப்போடு நீங்கள் என்று நாலு போட்டோ எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டில் அதையே வரிசையாகக் காட்டிப் பழக்குவார். அடுத்த தடவை சீப்பும் கத்தரியும் போதும். "10 எண்ணுவேன், நிறுத்திடுவேன்" என்று சொல்லிவிட்டு எண்ணுங்கள். 10 வந்ததும், இன்னும் ஒரே ஒரு வெட்டுதான் பாக்கி என்றாலும், நிறுத்திவிடுங்கள். இந்த இடத்தில் ஏமாற்றினால் எல்லாம் போச்சு. கையைக் காலைப் பிடித்து அமுக்குவது கூடவே கூடாது. பாதித் தலையோடு போனாலும் போகட்டும், மீதியை அடுத்த தடவை வெட்டிக்கொள்ளலாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆட்டிசமும் அதில் ஒன்று. எல்லாவற்றையும் நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. "தம்பிக்கு எது பிடிக்காது?" என்று அந்த அம்மாவிடம் கேட்டாலே போதும். அப்புறம், அந்த வாடிக்கையாளர். பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 வருடம்வரை சிறை என்று அதே சட்டத்தின் 92ஆம் பிரிவு சொல்கிறது. அவர் மேல் கேஸ் போடச் சொல்லவில்லை. "அண்ணே, அவனும் என் கஸ்டமர்தான்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசு விஷயம். வாங்குங்கள், மற்றப் பிள்ளைகளுக்கு என்னவோ அதே காசு. இலவசம் என்றால் இரண்டு தடவை வருவார், மூன்றாவது தடவை வரக் கூசுவார். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற வேலையும் வேண்டாம்.

மற்ற 9 பேருக்கும் அவரவர் தொழிலிலேயே வேலை இருக்கிறது. நடக்க வசதியாக ஒரு காலில் மட்டும் பிளாஸ்டிக் பட்டை மாட்டும் பிள்ளைக்கு அந்தக் காலுக்குப் பெரிய ஷூ வேண்டும், இன்னொரு காலுக்குச் சின்னது. அதற்காக இரண்டு ஜோடி வாங்குகிற வீடுகள் உண்டு. செருப்புக்கடைக்காரர் ஜோடியைப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தையல்காரர் சீருடையில் பட்டனுக்குப் பதில் ஒட்டும் பட்டை வைத்துத் தரலாம். பல சிறப்புப் பள்ளிகளில் பெரிய பிள்ளைகள் காகிதக் கவர் ஒட்டுகிறார்கள், மிதியடி பின்னுகிறார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் அது நடந்தால், மருந்துக்கடைக்காரர் மாதாமாதம் கவருக்கு ஆர்டர் கொடுக்கட்டும். கவர் கோணலாக வந்தால் திருப்பி அனுப்பட்டும், மற்ற வியாபாரியிடம் செய்வதுபோலவே.

அந்த அம்மாவின் நம்பர் இருக்கிறதா? "அக்கா, வர்ற செவ்வாய் கடையில யாரும் இருக்க மாட்டாங்க. தம்பி முடி வெட்டிக்க வேணாம், சும்மா வந்து உட்கார்ந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்காக நாற்காலிக் கைப்பிடி மேல் போடுவீர்களே, அந்தப் பலகையையும் துடைத்து எடுத்து வையுங்கள்.