ஜிம் மாஸ்டர் சொல்கிற ஊசியைப் போடலாமா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஜிம் பற்றியவை. ஊசி, பவுடர், பயிற்சி என்று எல்லாம் கலந்து கேட்டிருக்கிறீர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யாருடைய பெயரும் இல்லை.

கேள்வி: வயது 22, ஈரோடு. எட்டு மாதமாக ஜிம் போகிறேன். 64 கிலோ இருந்தேன், இப்போது 67, அவ்வளவுதான். கூட சேர்ந்த நண்பன் மூன்றே மாதத்தில் ஆளே மாறிவிட்டான். கேட்டால், மாஸ்டர் சொல்லி 10 வாரம் 'சைக்கிள்' (ஒரு சுற்று மருந்து) போட்டானாம், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் டயனபால் மாத்திரையும். முடித்ததும் பிசிடி, அதாவது சைக்கிளுக்குப் பின் சாப்பிடும் மருந்துகள், எடுத்தால் உடம்பு பழையபடி ஆகிவிடும் என்கிறார் மாஸ்டர். நானும் போடலாமா?

போடாதீர்கள் தம்பி. ஆனால் 'அதெல்லாம் வெறும் நீர், ஊசியால் சதையே வராது' என்று சிலர் சொல்வார்களே, அதை நான் சொல்லப்போவதில்லை. நண்பனைக் கண்ணால் பார்த்த உங்களிடம் அப்படிச் சொன்னால் அடுத்து நான் சொல்கிற எதையுமே நம்ப மாட்டீர்கள். அந்த ஊசியும் மாத்திரையும், அதாவது ஸ்டீராய்டு, வேலை செய்யும். 1996-ல் அமெரிக்காவில் 43 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது, ஊசி வாரம் 600 மி.கி., மொத்தம் 10 வாரம். உடற்பயிற்சியே செய்யாமல் ஊசி மட்டும் போட்டவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை சராசரியாக 3.2 கிலோ கூடியது. மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்டு ஒழுங்காக எடை தூக்கியவர்களுக்கு 1.9 கிலோ. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6.1 கிலோ. சும்மா உட்கார்ந்திருந்தவர் உழைத்தவரைத் தாண்டிவிட்டார், பார்த்தீர்களா? இது தெரியாமல் உங்கள் 3 கிலோவை நண்பனோடு ஒப்பிட்டு வருத்தப்படுகிறீர்கள். மருந்தில்லாமல் எட்டு மாதத்தில் 3 கிலோ என்பது தோற்றுப்போன கணக்கே இல்லை.

சரி, அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன்? மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நின்றுவிடுகிற மாதிரி, வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்து ரத்தத்தில் நிறைந்ததும் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, விரைகளுக்கு அனுப்புகிற உத்தரவை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு ஒன்றுமே இல்லாமல் போகும். ஊசியை நிறுத்தியதும் உடனே பழையபடி சுரக்க ஆரம்பிக்காது. அந்த இடைவெளியில் சோர்வு, மனச்சோர்வு, ஆசையே இல்லாமல் போவது எல்லாம் வரும், கஷ்டப்பட்டுச் சேர்த்த சதையும் கரையும். அது தாங்காமல்தான் பலர் அடுத்த சைக்கிளுக்குப் போகிறார்கள். மாஸ்டர் சொல்கிற பிசிடியில் இருப்பது பெரும்பாலும் டமாக்சிஃபென், குளோமிஃபென். ஒன்று மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுப்பது, இன்னொன்று கருமுட்டை வளரக் கொடுப்பது. இரண்டுமே மருத்துவர் பார்த்து எழுத வேண்டிய மருந்துகள். எடுத்தால் எல்லாம் பழையபடி ஆகும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது.

டயனபால் போன்ற மாத்திரைகள் கல்லீரலைப் படுத்தும், நல்ல கொழுப்பான எச்டிஎல்லைச் சரித்துவிடும். ஆண்களுக்கு மார்பு பெண்களுடையதைப் போல வளர்வதும் உண்டு. அந்தத் திசு நன்றாக ஊன்றிவிட்டால் மாத்திரைக்குப் போகாது, அறுவை சிகிச்சைதான். இதயம்தான் எனக்குப் பெரிய பயம். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் பல வருடம் எடை தூக்கிய 140 ஆண்களின் இதயத்தைப் பார்த்தார்கள், அதில் 86 பேர் ஸ்டீராய்டு எடுத்தவர்கள். இதய அறையில் நிறைந்த ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளப்படும் பங்கு, எடுக்காதவர்களுக்குச் சராசரி 63 சதவீதம், எடுத்தவர்களுக்கு 52. கண்ணாடியில் கை பெரிதாகத் தெரியும், இது தெரியாது.

இதெல்லாம் குப்பியில் எழுதியிருப்பது உண்மையாகவே உள்ளே இருந்தால். மருந்துச் சீட்டில்லாமல் கைமாறுகிற குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது மாஸ்டருக்கும் தெரியாது.

கேள்வி: திருநெல்வேலி, வயது 31. கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று, குறையில்லை. கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பித்து, போட்டிக்காக மூன்று வருடம் ஊசி போட்டேன். நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி டெஸ்டோஸ்டிரோன் போட்டால் விந்தணு கூடும் என்று ஜிம்மில் ஒருவர் சொல்கிறார்.

அந்த ஊசியைத் தொட்டுவிடாதீர்கள். நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிராக நடக்கும். உலக சுகாதார நிறுவனம் டெஸ்டோஸ்டிரோனை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே சோதித்துப் பார்த்தது. வாரம் 200 மி.கி. போட்டதில் பாதிப் பேருக்கு மேல் விந்தணு முற்றிலும் இல்லாமல் போனது. 1990-ல் வந்த முடிவு அது. நல்ல செய்தியும் அதிலேயே இருக்கிறது: ஊசியை நிறுத்தியபின் விந்தணு திரும்பி வந்தது. உங்களைப் போல வருடக்கணக்கில், பல மருந்துகளைச் சேர்த்துப் போட்டவர்களுக்குத் தாமதமாகும், சிலருக்கு இரண்டு வருடம்கூட. ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு வருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். விந்தணுப் பரிசோதனை, கூடவே காலையில் வெறும் வயிற்றில் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், அதோடு விரைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் பிட்யூட்டரி ஹார்மோன்களான எல்எச், எஃப்எஸ்எச். எடுத்துக்கொண்டு யூராலஜிஸ்ட் அல்லது ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். என்னென்ன போட்டீர்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் வேறு எங்கோ காரணத்தைத் தேடி உங்களுக்கு இன்னும் ஒரு வருடத்தை வீணாக்க நேரும். நிறுத்திய பிறகும் திரும்பாதவர்களுக்குச் சிகிச்சை உண்டு. இன்னொன்று, மனைவியிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு வருடமாக ஊரும் உறவும் அவரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும், குறை தன்னிடம்தானோ என்று அவர் பரிசோதனை மேல் பரிசோதனைக்குப் போயிருக்கிறார். உங்கள் வெட்கத்தைவிட அது பெரிய பாரம்.

கேள்வி: என் மகனுக்கு ஆஸ்துமா. மருத்துவர் ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதியிருக்கிறார். ஜிம்மில் போடும் ஸ்டீராய்டு என்றால் பயமாக இருக்கிறது, நிறுத்திவிடலாமா? (கும்பகோணம்)

நிறுத்தாதீர்கள் அம்மா. அது வேறு வகை, வீக்கத்தைக் குறைப்பது, சதை வளர்ப்பதல்ல. இன்ஹேலரில் போகும் அளவும் மிகக் குறைவு. இழுத்தபின் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், போதும். பயப்பட வேண்டிய இடம் வேறு: 'ஒரே மாதத்தில் கன்னம் உப்பும்' என்று விற்கிற பெயரில்லாத மாத்திரைகளும் பொடிகளும். அவற்றில் இதே வீக்கம் குறைக்கும் வகையைச் சேர்ந்த டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருப்பது நம் நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. முகம் மட்டும் உருண்டையாகும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். யாராவது மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டு வந்திருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கேள்வி: மகனுக்கு 17 வயது, 58 கிலோ. பள்ளியில் ஓட்டப்பந்தய வீரன். எடை கூட்டும் பவுடரான மாஸ் கெயினர் டப்பா வாங்கித் தரச் சொல்லி ஒரே அடம். எங்களுக்கு மாத வருமானமே குறைவு. வாங்காவிட்டால் அவன் வளர்ச்சி கெடுமா? (விருதுநகர்)

கெடாது. அந்த டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் தசை முறுக்கிய படம் இருக்கும், பின்பக்கம் சின்ன எழுத்தில் சத்து அட்டவணை. 'ஒரு சர்விங்' என்று போட்ட பத்தியை விட்டுவிடுங்கள், சர்விங் பெரிதாக இருந்தால் எண்ணும் பெரிதாகத்தான் தெரியும். பக்கத்தில் 100 கிராமுக்கு என்று இருக்கும் பத்தியைப் படியுங்கள். பல மாஸ் கெயினர்களில் புரதம் 15, 20 கிராம்தான், மாவுச்சத்து 70-க்கு மேல். அதற்குக் கீழே சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால், அதுதான் அதிகம் என்று பொருள். மக்காச்சோளம் மாதிரி ஏதாவது ஒரு மாவிலிருந்து எடுப்பது, சர்க்கரை மாதிரியே வேகமாக ரத்தத்தில் ஏறும். அதற்கு உங்கள் வீட்டுச் சோறே மேல்.

எடைப் பயிற்சியும் ஓட்டமும் செய்கிற பையனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் தாராளம். 58 கிலோவுக்கு ஏறக்குறைய 93 கிராம். மூன்று முட்டையில் 18, முந்நூறு மில்லி பாலில் 10, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, ஐம்பது கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் 10, சாம்பார்ப் பருப்பில் 7, ஐம்பது கிராம் மீல்மேக்கரில் 26. அதுபோக நாள் முழுக்கச் சாப்பிடும் சோறு, இட்லி, சப்பாத்தியிலேயே 20 வந்துவிடும். கூட்டிப் பாருங்கள், 98. மீல்மேக்கர் பிடிக்காத நாளில் கோழியோ மீனோ வைத்துக்கொள்ளலாம். வே பவுடர் கெட்டதல்ல, சீஸ் தயாரிக்கும்போது பிரியும் நீரைக் காயவைத்த பால் புரதம்தான், ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் போல கிடைக்கும். சமைக்க நேரமில்லாதவருக்கு வசதி, அவ்வளவே. வாங்குவதென்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. கேரள மருத்துவர்கள் உள்ளிட்ட ஒரு குழு இங்கே விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024-ல் வெளியிட்டபோது, பெரும்பாலானவற்றில் லேபிளில் போட்ட புரத அளவு சரியாக இல்லை.

ஓடுகிற பையன் என்பதால் கூடுதலாக ஒன்று. நாளை மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று போனால் ஊக்கமருந்துச் சோதனை வரும். உடம்பில் தடை செய்த பொருள் இருந்தால் பொறுப்பு வீரனுடையதுதான், டப்பாவில் எழுதவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. நான்கு வருடம் வரை தடை விழும், அந்த வயதில் நான்கு வருடம் போனால் ஓட்டமே போனது. அப்புறம், இந்த வயதில் யாராவது ஊசி என்று பேச்செடுத்தால் உடனே அந்த ஜிம்மை மாற்றுங்கள். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் சீக்கிரம் மூடி உயரம் அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: கிரியேட்டின் எடுத்தால் கிட்னி போய்விடுமா? (மதுரை)

ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவருக்குத் தினம் 3 முதல் 5 கிராம் எடுப்பதால் போனதாக ஆதாரமில்லை. சப்ளிமென்ட்களில் ஆதாரத்தோடு வேலை செய்கிற மிகச் சிலவற்றில் இது ஒன்று, அதிலும் சைவர்களுக்குப் பலன் இன்னும் நன்றாகத் தெரியும். சாதாரண கிரியேட்டின் மோனோஹைட்ரேட் போதும், விலை கூடிய வகைகள் தேவையே இல்லை. பயம் எங்கிருந்து வருகிறது என்றால், இதை எடுப்பவர்களுக்கு சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற கழிவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். மருத்துவரிடம் எடுப்பதைச் சொல்லிவிட்டால் குழப்பமில்லை. முதல் வாரங்களில் ஒன்றிரண்டு கிலோ கூடுவது தசைக்குள் சேரும் நீர். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு, கட்டுப்படாத சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம் இருந்தால் தொடாதீர்கள்.

கேள்வி: பயிற்சிக்கு முன்னால் போடும் ஊசி ஒன்று ஜிம்மில் கிடைக்கிறது, போட்டால் இரண்டு மணி நேரம் களைப்பே இல்லை. ஸ்டீராய்டு இல்லை என்கிறார்கள். (சென்னை, வயது 24)

ஸ்டீராய்டு இல்லைதான், ஆனால் அதைவிட வேகமாக ஆளைச் சாய்க்கக்கூடியது. நீங்கள் சொல்வது அநேகமாக மெஃபென்டெர்மின். முதுகில் மயக்க ஊசி போட்டு அறுவை சிகிச்சை செய்யும்போது ரத்த அழுத்தம் விழுந்தால், அதைத் தூக்கி நிறுத்த மயக்க மருத்துவர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே மி.கி. கணக்கில் கொடுப்பது. விழாத அழுத்தத்தின் மேல் இதைப் போட்டுவிட்டு நூறு கிலோ தூக்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கவும் வாய்ப்புண்டு. பழகிவிட்டால் இது இல்லாமல் எழுந்திருக்கவே முடியாது, யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று சந்தேகம் பிடித்து மனநல சிகிச்சைக்கு வந்தவர்கள் உண்டு. ஊசியைப் பகிர்ந்துகொண்டால் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் அதன் வழியே வரும். பகிர்ந்திருந்தால் இந்த வாரமே ரத்தம் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். விடமுடியவில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் போய்ச் சொல்லுங்கள், உதவி கிடைக்கும். உற்சாகம்தான் வேண்டுமென்றால் பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒரு காபி. பிரீ ஒர்க்அவுட் பவுடர்களில் பல, ஒரு ஸ்கூப்பிலேயே 200, 300 மி.கி. கஃபீன் வைத்திருக்கின்றன, ஒரு நாளைக்கு 400-ஐத் தாண்டக் கூடாது.

கேள்வி: வயது 41, கோவை. செல்போனில் பார்த்த 12 வாரத் திட்டத்தைப் பணம் கட்டி வாங்கினேன். வாரம் ஆறு நாள், தினம் ஒன்றரை மணி நேரம். மூன்றாவது வாரமே முட்டி வலியில் நின்றுவிட்டது. எடை தூக்கினால் ஆண் மாதிரி ஆகிவிடுவேன் என்று மாமியார் வேறு சொல்கிறார். எனக்கு எந்தத் திட்டம் சரி?

பெண்களின் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் மாமியாரைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த வயதில் எடை தூக்குவது எலும்புக்கு மிக அவசியம், மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேயும், அதற்கு முன்னாலேயே சேர்த்துவைக்க வேண்டும்.

திட்டம் விற்பவர் தன் உடம்பைப் படமாகக் காட்டித்தான் விற்கிறார், அந்த உடம்புக்கு எத்தனை வருடம் ஆயிற்று, கூட என்னென்ன போனது என்பது படத்தில் வராது. ஆறு நாள் பயிற்சி அவருக்குத் தொழில். உங்களுக்கு வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம், ஒவ்வொரு முறையும் முழு உடம்பும். ஐந்து அசைவுகள் போதும்: உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து எடையைத் தூக்குவது, முன்னால் தள்ளுவது, தன் பக்கம் இழுப்பது, தலைக்கு மேல் தூக்குவது. நம் தாத்தாக்கள் போட்ட பஸ்கியும் தண்டாலும் இதில் இரண்டு. ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, இரண்டு மூன்று செட். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் முதுகும் முட்டியும் கோணக் கூடாது. எல்லா செட்டிலும் பன்னிரண்டு சுலபமாக வந்தபின் மட்டும் அடுத்த எடைக்குப் போங்கள். ஒரு நோட்டில் தேதி, எடை, எத்தனை முறை என்று எழுதிவையுங்கள், பணம் கட்டி வாங்கிய திட்டத்தைவிட அந்த நோட்டு உதவும்.

முட்டி வலி இருப்பதால் முதல் மாதம் பஸ்கி வேண்டாம். உயரமான நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுங்கள், மெதுவாக. வலி இல்லையென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தாழ்வான இருக்கைக்கு மாறுங்கள். மறுநாள் காலையில் முட்டி வீங்கியிருந்தாலோ, படி இறங்கும்போது மாட்டிக்கொள்வது போல இருந்தாலோ, அன்றைக்கு நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.