வாயைக் கட்டத் தெரியாதவளா நான்?

கேள்வி: எனக்கு வயது 41. 78 கிலோ இருந்தேன். இரவுச் சாப்பாட்டை அடியோடு விட்டு, பகலில் அளந்து சாப்பிட்டு, ஆறே மாதத்தில் 67 கிலோவுக்கு வந்தேன். ஒன்றரை வருடத்தில் மறுபடியும் 74. முன்பெல்லாம் எனக்கு இப்படிப் பசித்ததே இல்லை. இரவில் தூக்கம் வராமல் சமையல் வீடியோக்களாகப் பார்க்கிறேன். பதினொரு மணிக்கு முறுக்கு டின்னைத் திறக்கிறேன். ‘உனக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்கிறார் கணவர். உண்மைதானா டாக்டர்?
– வாசகி, திருச்சி

பதில்: இல்லையம்மா, உண்மையில்லை. உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்தச் சமையல் வீடியோக்கள்தான்.

1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போரினால் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதே நோக்கம். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் கொடுக்காத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். ஆறு மாதம், நாளுக்குச் சுமார் 1,570 கலோரி: உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. எடையில் கால் பங்கு போயிற்று. அதோடு மனமும் மாறியது. சமையல் புத்தகங்களைத் தேடிப்பிடித்துப் படித்தார்கள். இருந்த கொஞ்சத்தில் தண்ணீரை ஊற்றிப் பெருக்கி, நேரத்தைக் கடத்திக் கடத்திச் சாப்பிட்டார்கள், தட்டை நக்கினார்கள். பரிசோதனை முடிந்து தாராளமாகச் சாப்பாடு கிடைத்தபோது, வயிறு முட்ட உண்ட பிறகும் பசிக்கிறது என்றார்கள். கொள்கைக்காக ஊர்ப்பழியைச் சுமந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கா மனவுறுதி இல்லை?

நீங்கள் இருந்தது அத்தனை கடுமையான பட்டினி அல்ல. ஆனால் உடல் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். நம் கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. 1994இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு அதைக் கண்டுபிடித்தது. சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிப்பது அதுதான். கொழுப்பு கரைந்தால் லெப்டின் இறங்கும். பஞ்சம் வந்துவிட்டதென்று மூளை எடுத்துக்கொள்ளும். இரைப்பையில் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், உடல் செலவழிக்கும் சக்தி குறையும். எடை குறைத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் அடங்கவில்லை என்று 2011இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ஆய்வு வெளியிட்டார்கள். உங்கள் கணவர் இந்தப் பக்கத்தை அவசியம் படிக்க வேண்டும். வீட்டிலேயே ஏச்சு விழுந்தால் எந்தப் பெண்ணும் ஒளிந்துதான் சாப்பிடுவாள்; அது எனக்குப் பொறுக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டை இன்றே மறுபடி தொடங்குங்கள். எட்டு மணிக்குள் இரண்டு இட்லி, கூடவே ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது ஒரு முட்டை. புரதம் இருந்தால் பசி சீக்கிரம் தலைதூக்காது. முறுக்கை ஒதுக்க வேண்டாம். மாலை டீயோடு, தட்டில் எடுத்து வைத்து, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தூக்கம் குறைந்தாலும் பசி கூடும். கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள்.

இன்னொன்று. 78இலிருந்து 74 என்பது 5 சதவீதத்துக்கு மேல் குறைவு. இரத்தச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அதுவே நல்லது. 67ஐ மறந்துவிட்டு, இந்த 74ஐக் காப்பாற்றுங்கள். தைராய்டும் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரவில் நிறுத்தவே முடியாமல் சாப்பிட்டுவிட்டு அழுகிறீர்கள் என்றால், தயங்காமல் ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.