சுண்டெலிக்குக் கொலஸ்ட்ரால் ஏறவில்லை என்றால்…

கேள்வி: சி57பிஎல்/6 என்ற ஆய்வக இனத்து ஆண் சுண்டெலிகளுக்கு 60% கொழுப்புத் தீவனம் 8 வாரம் கொடுத்தேன். எடை நன்றாகக் கூடியது. மொத்தக் கொலஸ்ட்ரால் மட்டும் 160-ஐத் தாண்டவில்லை. எல்.டி.எல். (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) கணக்கிட்டால் சில எலிகளுக்கு மைனஸில் வருகிறது. அளவிடும் கிட் கெட்டுவிட்டதா? இதில்தான் வெந்தயச் சாற்றைச் சோதிக்க வேண்டும்.
– பார்மசி முதுநிலை மாணவி

பதில்: கிட்டைச் சந்தேகிக்க வேண்டாம். இந்த எலியின் ரத்தமே அப்படித்தான். சாதாரணத் தீவனத்தில் இதற்கு மொத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கும். அதிலும் பெரும்பங்கு ‘நல்ல’ கொலஸ்ட்ரால் எனப்படும் ஹெச்.டி.எல். நம் உடலில் ஹெச்.டி.எல்.லில் உள்ள கொலஸ்ட்ராலை மற்ற துகள்களுக்கு மாற்றும் சி.இ.டி.பி. என்ற புரதம் சுண்டெலிக்குக் கிடையாது. ஆகவே உங்களுக்கு ஏறிய கொஞ்சமும் பெரும்பாலும் ஹெச்.டி.எல்.லாகவே இருக்கும்.

மைனஸுக்குக் காரணம் சூத்திரம். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடை (ரத்தக் கொழுப்பு) 5-ஆல் வகுத்ததையும் கழிப்பது வெறும் வயிற்றில் எடுத்த மனித ரத்தத்துக்கான கணக்கு. எலிக்கு அதைப் போடவே கூடாது. துகள்களைப் பிரித்து அளக்க வசதியில்லை என்றால், ஹெச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால் என்று மட்டும் எழுதுங்கள். அது நேர்மையான எண்.

அப்புறம் தீவனம். பன்றிக் கொழுப்பு அதிகமுள்ள தீவனம் எலியைக் குண்டாக்கும், சர்க்கரையைக் கெடுக்கும். கொலஸ்ட்ரால் ஏற வேண்டுமானால் தீவனத்திலேயே கொலஸ்ட்ராலும் சேர வேண்டும். கூடவே கோலிக் அமிலம் என்ற பித்த அமிலத்தைக் கலந்தால் உறிஞ்சுதல் கூடி அளவு ஏறும். ஆனால் கல்லீரலில் அழற்சி வந்துவிடும். பிறகு உங்கள் சாறு எதைக் குறைத்தது என்றே பிரித்துச் சொல்ல முடியாது. நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எலியையே மாற்றலாம். 1992-இல் உருவாக்கப்பட்ட, ஏபோ-ஈ (கொழுப்புத் துகள்களை ரத்தத்திலிருந்து அகற்ற உதவும் புரதம்) மரபணு நீக்கிய சுண்டெலி சாதாரணத் தீவனத்திலேயே 400-ஐத் தாண்டும். எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுக்கும் ஏற்பியை நீக்கிய எலிக்கு 0.2% கொலஸ்ட்ரால் கலந்த, கொழுப்பு மிகுந்த மேற்கத்தியத் தீவனம் கொடுத்தால் அதைவிட மேலே போகும். உங்கள் கேள்விக்கு இரண்டாவதுதான் பொருத்தம் என்பேன். எலியை மாற்றுவதென்றால் நெறிமுறைக் குழுவிடம் திருத்த அனுமதி வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று: ஒப்பீட்டுக்கு அடோர்வாஸ்டாடின் என்ற ஸ்டாடின் வகைக் கொலஸ்ட்ரால் மருந்தை வைக்கும் பழக்கம் உண்டு. சாதாரணச் சுண்டெலியில் ஸ்டாடின் ரத்தக் கொலஸ்ட்ராலைப் பெரிதாகக் குறைக்காது. மருந்து தடுக்கும் நொதியையே கல்லீரல் கூடுதலாக உற்பத்தி செய்து ஈடுகட்டிவிடும். ஸ்டாடின் கேட்காததால் சோதனை தப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆண், பெண் எலிகளை ஒரே குழுவில் கலக்காதீர்கள். பல இனங்களில் ஆணுக்கே அளவு அதிகம். எல்லா எலிக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவு பட்டினிக்குப் பிறகு ரத்தம் எடுங்கள். சிவப்பணுக்கள் உடைந்து சீரம் சிவந்திருந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள்.